பாதுகாப்புச் செய்தித் தொடர்பில் மாற்றி எழுதத்தக்க சங்கேதக் கருவிகள்

ஐதராபாத் நகரின் வடகிழக்கே மௌலா அலி என்னும் பாறைக் குன்று உள்ளது. உச்சியில் குதுப்ஷாஹி மன்னர் காலத்துத் தர்கா. கீழே ரயில் நிலையமும் தொழிற்பேட்டையும். அவற்றை அடுத்து அணுசக்தித் துறையைச் சார்ந்த இரு பெரும் நிறுவனங்கள். ஒன்று அணு உலைகளுக்கு எரிபொருள் தயாரித்தளிக்கும் அணு எரிபொருள் வளாகம். மற்றொன்று 1967 ஏப்ரல் 11 அன்று தோற்றுவிக்கப்பெற்ற இந்திய மின்னணுக் கழகம். ஈ.சி.ஐ.எல். என்னும் சுருக்கப் பெயராலேயே அதனை யாவரும் அறிவர். சுற்றுவட்டாரத்துப் பேருந்துகளில் ஊர்ப் பெயராகவே அது வழங்குகிறது.

இக்கழகத்தின் பெயர் பொதுமக்களுக்குப் பெரிதும் அறிமுகமானது வாக்குப்பதிவு இயந்திரத்தினால் ஆகும். 1979-ல் அதன் மாதிரி இங்கே உருவாயிற்று. தேர்தலுக்கான இயந்திரங்களை இன்று இக்கழகமும் பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தயாரித்தளிக்கின்றன. அந்த இயந்திரத்தில் பொருத்தப்படும் சில்லு ஒரே ஒரு முறை மட்டுமே நிரல் எழுதத்தக்கது எனத் தேர்தல் ஆணையம் விளக்கியுள்ளது. எழுதியபின் அதனை யாராலும் மாற்ற இயலாது என்பதே அதன்மீது வைக்கப்படும் நம்பிக்கைக்கு அடிப்படை.

இதே கழகம் படைத்துறைக்கும் பிற பாதுகாப்பு அமைப்புகளுக்கும் மறைவான செய்தித் தொடர்புக் கருவிகளை வழங்கி வருகிறது. அத்தகைய கருவியின் இலக்கணமோ முற்றிலும் எதிரானது. உரிமையுள்ளவர் வேண்டும்போது அதன் உள்ளமைப்பை மாற்றி எழுத முடிய வேண்டும். முடியாவிடில் அக்கருவி சில ஆண்டுகளில் பயனற்ற இரும்புப் பெட்டியாகிவிடும். ஒரு கருவியில் மாற்ற முடியாமை காப்பு. மற்றொன்றில் மாற்ற முடிவதே காப்பு. இரண்டாம் வகைக் கருவியின் தத்துவத்தையும், அதனைச் சார்ந்த பொருளாதாரக் கேள்விகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

தோற்றத்தின் பின்னணி

1962-ஆம் ஆண்டின் எல்லைப் போர் நமது படைத்துறையின் மின்னணுச் சாதனக் குறைபாட்டை வெளிக்காட்டியது. அதனையடுத்து 1963-ல் டாக்டர் ஹோமி பாபா தலைமையில் மின்னணுவியல் குழு அமைக்கப்பட்டது. 1966-ல் வெளிவந்த அதன் அறிக்கை, மின்னணுத் துறையில் பத்தாண்டுக் காலத்தில் நாடு தற்சார்பு எய்துவதற்கான வழியை வகுத்தது. பாபா அதற்குள் விமான விபத்தில் காலமாகிவிட்டார். டிராம்பேயின் மின்னணுப் பிரிவில் பணியாற்றிய டாக்டர் ஏ. எஸ். ராவ் ஐதராபாத்தில் ஈ.சி.ஐ.எல்.-ஐ உருவாக்கி வளர்த்தார்; அவர் பெயரால் அமைந்த குடியிருப்புப் பகுதி இன்றும் அங்குள்ளது. டி.டி.சி. என்னும் வரிசையில் நாட்டின் தொடக்ககாலக் கணிப்பொறிகள் இக்கழகத்தின் வாயிலாகவே வெளிவந்தன. கணிப்பொறியை உள்நாட்டில் கட்டத் தெரிந்த கைகளே சங்கேதக் கருவியையும் கட்ட முடியும் என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். இன்றைய சங்கேதக் கருவி என்பது ஒரே வேலைக்கென அமைந்த கணிப்பொறியே ஆகும்.

முறையும் திறவுகோலும்

சங்கேதத்தில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று சங்கேத முறை. அதாவது செய்தியை உருமாற்றும் கணக்கு விதி. மற்றொன்று திறவுகோல், அவ்விதிக்குள் இடப்படும் மறைவான எண். மாணவர்கள் இதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். செய்தி 1011 எனவும் திறவுகோல் 0110 எனவும் கொள்வோம். இரு வரிசைகளிலும் ஒரே இடத்து இலக்கங்கள் ஒத்திருந்தால் 0 என்றும் வேறுபட்டால் 1 என்றும் எழுதுக. கிடைப்பது 1101. வானொலி அலையில் செல்வது இதுவே. பெறுபவர் அதே திறவுகோலைக் கொண்டு அதே விதியை மீண்டும் இயற்றினால் 1011 என்ற மூலச் செய்தி திரும்பக் கிட்டும். நடைமுறைக் கருவிகளில் விதி இதைவிடப் பன்மடங்கு சிக்கலானது. ஆயினும் கரு இதுதான்.

1883-ல் கெர்க்காஃப்ஸ் என்னும் அறிஞர் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். கருவி பகைவர் கையில் சிக்கினாலும் தீங்கு நேரலாகாது. மறைவு முழுவதும் திறவுகோலிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இதன் பொருளை 1968-ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று நன்கு விளக்கும். அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்காவின் பியூப்ளோ என்ற உளவுக் கப்பலை வடகொரியா கைப்பற்றியது. கப்பலிலிருந்த சங்கேதக் கருவிகள் சோவியத் நிபுணர்களின் பார்வைக்குச் சென்றன. திறவுகோல் இல்லாமல் கருவி மட்டும் பயன்படாது என்று அமெரிக்கக் கடற்படை ஆறுதல் கொண்டது. ஆனால் அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே ஜான் வாக்கர் என்ற கடற்படை ஊழியர் திறவுகோல் பட்டியல்களைச் சோவியத் தூதரகத்திற்கு விற்கத் தொடங்கியிருந்தார். அவரும் அவர் சேர்த்துக்கொண்டவர்களும் 1985-ல் பிடிபடும் வரை அவ்வியாபாரம் நடந்தது. கணிதம் தோற்கவில்லை, காவல் தோற்றது.

ஆகவே திறவுகோலை அடிக்கடி மாற்றுவது எல்லாப் படைகளிலும் அன்றாட நடைமுறை. சங்கேத முறையையே மாற்ற வேண்டிய நாளும் வரும் என்பது பின்னரே உணரப்பட்டது.

முறைகளும் மூப்படைகின்றன

அமெரிக்க அரசு 1977-ல் தரவுச் சங்கேதத் தரம் ஒன்றை ஏற்றது. அதன் திறவுகோல் 56 இலக்க நீளமுடையது. அமையக்கூடிய திறவுகோல்கள் ஏறத்தாழ 720 கோடி கோடி. அன்றைய கணிப்பொறிகளுக்கு அது எட்டாத் தொகை. 1998 ஜூலையில் கலிபோர்னியாவின் தொண்டு அமைப்பொன்று இரண்டரை லட்சம் டாலருக்கும் குறைந்த செலவில் தனிப்பொறி ஒன்றைக் கட்டி, 56 மணி நேரத்தில் அத்தகைய திறவுகோலைக் கண்டுபிடித்துக் காட்டியது. 2001-ல் வேறொரு தரம் அதன் இடத்தைப் பிடித்தது. பெல்ஜியம் நாட்டு அறிஞர் இருவர் வகுத்த அம்முறையில் திறவுகோல் 128 முதல் 256 இலக்கங்கள் வரை நீளும்.

இதனைப் படைத்துறையின் நிலையிலிருந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வானொலிக் கருவி களத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைக்கும்படி வாங்கப்படுகிறது. அது பனிமலைக் காவல் நிலையத்தில் இருக்கலாம். கடலில் செல்லும் கப்பலில் இருக்கலாம். கவச வண்டியின் உள்ளே இருக்கலாம். சங்கேத முறை அதன் மின்சுற்றிலேயே நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தால், முறை வலுவிழந்த நாளில் ஒவ்வொரு கருவியையும் திரும்பப் பெற்று வேறு கருவி கொடுக்க வேண்டும். அந்த மாற்றம் ஒரே இரவில் நிகழாது. பாதிப் படை பழைய கருவியோடும் பாதிப் படை புதியதோடும் இருக்கும் இடைக்காலத்தில், இரு பாதிகளும் பேசிக்கொள்ளவேண்டி அனைவரும் பழைய முறைக்கே இறங்கி வருவர். புதிய கருவிக்குச் செலவிட்ட பணம் அதுவரை பலன் தராது. கணக்கு ஏட்டில் இந்த இழப்பு எந்தத் தலைப்பிலும் தோன்றுவதில்லை என்பது வேறு செய்தி.

இதற்கு விடையாக வந்ததே மாற்றி எழுதத்தக்க கருவி. இதற்கு இரு வழிகள் உண்டு. சங்கேத முறையை மென்பொருளாக எழுதிச் செயலி ஒன்றில் இயக்குவது முதல் வழி. இரண்டாவது, தன் உள்ளிணைப்புகளையே மாற்றியமைத்துக்கொள்ளும் சில்லு. 1985-ல் அமெரிக்காவின் சைலிங்ஸ் நிறுவனம் இவ்வகையில் முதல் சில்லை விற்பனைக்குக் கொணர்ந்தது; அதில் 64 தருக்கக் கட்டங்கள் இருந்தன. இன்று அவை பல லட்சம். சாதாரணச் சில்லு அச்சடித்த நூல் போன்றது. இது எழுதி அழிக்கும் கற்பலகை போன்றது. கற்பலகையில் எழுதிய கணக்கு, மென்பொருளைவிட விரைவாகவும் குறைந்த மின்செலவிலும் நடைபெறுவதால் சங்கேதத் தொழிலில் இதற்குத் தனி இடம் கிடைத்தது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைப்புகள் 2000-த்திற்குப் பிந்தைய ஆண்டுகளில் தம் சங்கேதக் கருவிகளைப் பெருமளவில் இவ்வகைக்கு மாற்றத் தொடங்கின.

வாங்குபவர் அறிய முடியாத சரக்கு

இவ்விடத்தில் பொருளியல் மாணவர்கள் சற்று நின்று சிந்திக்கலாம். 1970-ல் ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற பொருளியலறிஞர் பழைய மோட்டார் வண்டிச் சந்தையைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். சரக்கின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலையில் சந்தை எவ்வாறு பழுதடைகிறது என்பதை அதில் காட்டினார்; பின்னர் 2001-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். பழைய வண்டியை வாங்கியவர் சில மாதங்களிலாவது அதன் குறையை அறிந்துகொள்வார். சங்கேதக் கருவியை வாங்கியவர் ஒருபோதும் அறியாமலே இருக்கக்கூடும். செய்தி திருடப்பட்டால் ஒலியும் எழாது, தடயமும் இராது. கருவி ஒழுங்காக ஓடிக்கொண்டேயிருக்கும்.

அதே 1970-ஆம் ஆண்டில்தான் இதற்கு உலகத்திலேயே பெரிய சான்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏ.ஜி. நிறுவனம் போரிஸ் ஹாகலின் என்பவரால் நிறுவப்பட்டது. அரசுகளுக்குச் சங்கேதக் கருவி விற்பதில் முன்னணியில் நின்றது. நடுநிலை நாட்டின் சரக்கு என்பதே அதன் மதிப்பு. அதனை அமெரிக்க மத்திய உளவு நிறுவனமும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் கூட்டாக, மறைவாக, 57.5 லட்சம் டாலருக்கு வாங்கின. அதற்கு முன்பே, 1967-ல் வெளியான அதன் முழு மின்னணுக் கருவியின் உள்ளமைப்பை அமெரிக்க நிபுணர்களே வகுத்திருந்தனர். தமக்குப் படிக்க எளிதாகும்படி முறைகளை வலுக்குறைத்து விற்பதே ஏற்பாடு. ஜெர்மனி 1990-களின் முற்பகுதியில் விலகிக்கொண்டது. அமெரிக்கா 2018 வரை நீடித்தது. 2020 பிப்ரவரியில் அமெரிக்க, ஜெர்மன், சுவிஸ் செய்தி நிறுவனங்கள் இதனை அம்பலப்படுத்தின. 120-க்கும் மேற்பட்ட நாடுகள் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளராக இருந்தன. வெளியான பெயர்ப் பட்டியலில் பாகிஸ்தானும் இருந்தது, இந்தியாவும் இருந்தது.

வாங்கும் நாடுகள் நல்ல விலை கொடுத்தன. விற்றவர் இலாபமும் ஈட்டினர், இரகசியமும் ஈட்டினர். தம்மை ஒட்டுக்கேட்பதற்கான செலவைத் தாமே செலுத்தினர் என்பது அந்நாடுகளுக்கு ஐம்பதாண்டுகள் கழித்தே தெரிந்தது. குறைந்த விலைப்புள்ளிக்கே ஒப்பந்தம் என்னும் கொள்முதல் விதி, மேசை நாற்காலிக்குப் பொருந்தும். ஏகர்லாஃப் விவரித்த சரக்குக்கு அது பொருந்தாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மாற்றி எழுதத்தக்க கருவி இந்நிலைக்கு ஓரளவு மருந்தாகிறது. பெட்டியை யார் செய்திருந்தாலும், அதனுள் இயங்கும் முறையை வாங்கிய நாடு தானே எழுதிக்கொள்ளலாம். நமது நாட்டில் சங்கேத முறைகளை வகுப்பதும் ஆராய்வதும் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் தில்லியில் இயங்கும் அறிவியல் பகுப்பாய்வுக் குழுமத்தின் பணி. கணிதம் தில்லியிலிருந்து வரும். ஐதராபாத், பெங்களூர், பஞ்ச்குலா தொழிற்சாலைகளில் அது கருவியாக வடிவெடுக்கும்.

கதவும் காவலும்

ஆயினும் மாற்றி எழுதும் வசதி என்பது ஒரு கதவு. நமக்குத் திறக்கும் கதவு பகைவருக்கும் திறக்கக்கூடும். ஆகவே புதிய நிரல் எதுவும் உரிய அதிகாரியின் எண்முறைக் கையொப்பம் பெற்றிருந்தாலன்றிக் கருவி அதனை ஏற்கலாகாது. பெட்டியை யாரேனும் பிரிக்க முயன்றால் திறவுகோல்கள் நொடியில் தாமே அழிந்துபோக வேண்டும். வெளிப்படைச் செய்தி ஓடும் கம்பியும் சங்கேதச் செய்தி ஓடும் கம்பியும் ஒன்றையொன்று தீண்டாதபடி பிரித்து வைக்கப்பட வேண்டும். சில்லினுள் இடப்படும் இணைப்பு வரைவும் சங்கேதத்திலேயே சேமிக்கப்பட வேண்டும்.

இறுதியில் சொன்ன காவல் எவ்வளவு நுட்பமானது என்பது 2020 ஏப்ரலில் வெளிப்பட்டது. சைலிங்ஸ் நிறுவனத்தின் பரவலாகப் பயன்படும் ஒரு சில்லு வரிசையில், இணைப்பு வரைவைக் காக்கும் சங்கேத ஏற்பாட்டையே முறியடிக்கலாம் என ஜெர்மனியின் போஹும் நகர ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். குறை சில்லின் நிலையான பகுதியில் இருந்தமையால் அதனைத் திருத்த வழியில்லை. சில்லையே மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் மாற்றி எழுதலாம் என்று விற்கப்பட்ட சில்லில், மாற்ற முடியாத ஒரு மூலையில்தான் குறை அமைந்திருந்தது.

நம் தற்சார்பின் எல்லையும் அந்த மூலையில்தான் உள்ளது. பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை 2020, உள்நாட்டில் வடிவமைத்துத் தயாரித்த கருவிகளுக்கு முதலிடம் தருகிறது. அவ்வகையில் உள்நாட்டுக் கூறு குறைந்தது 50 விழுக்காடு இருக்க வேண்டும். இந்த விழுக்காடு விலையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. கருவியின் உலோகப் பெட்டி, மின்கலம், மின்தகடு, இணைப்பான்கள் யாவும் உள்நாட்டுச் சரக்காகி, மொத்த விலையில் சிறு பங்கேயான சில்லு மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்தால் விழுக்காடு மிக நன்றாகவே தோன்றும். ஆனால் இரகசியம் முழுவதும் தங்கியிருப்பது அச்சிறு பங்கில். பூட்டின் மதிப்பை அதன் எடையால் அளப்பது போன்றதே இது.

விந்தை என்னவெனில், சைலிங்ஸ் நிறுவனத்தின் பெரிய வடிவமைப்பு மையம் ஒன்று ஐதராபாத்திலேயே உள்ளது. 2022-ல் ஏ.எம்.டி. நிறுவனம் சைலிங்ஸை வாங்கிக்கொண்டது. மௌலா அலியிலிருந்து நகரைக் குறுக்காகக் கடந்து சென்றால் அடையக்கூடிய தொலைவில் நம் பொறியாளர்கள் அச்சில்லுகளை வடிவமைக்கின்றனர். அவை தைவானில் உருவாகி, விலைச்சீட்டுடன் இறக்குமதிச் சரக்காக நம்மிடம் திரும்புகின்றன. திறமைக்குக் குறைவில்லை, உடைமைதான் நம்முடையதன்று.

இக்குறையை நீக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் ‘சக்தி’ என்ற செயலி வரிசையை உருவாக்கியது. 2018-ல் அதன் ஒரு வடிவம் மொகாலி குறைகடத்தி ஆய்வகத்தில் வார்க்கப்பட்டது. அந்த ஆய்வகத்தின் 180 நானோமீட்டர் தொழில்நுட்பம் உலக அளவில் பழையது. ஆனால் சங்கேத வேலைக்கு எப்போதும் மிகப் புதிய தொழில்நுட்பம் தேவைப்படுவதில்லை. எவர் வார்த்தார், எந்த முகமூடித் தகட்டைக் கொண்டு வார்த்தார் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய பழைய சில்லு, அவ்வாறு சொல்ல முடியாத புதிய சில்லினும் மேலானது. குஜராத்தின் தோலேராவில் டாட்டா நிறுவனம் அமைக்கும் ஆலைக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அரசு ஒப்புதல் வழங்கியது. 28 நானோமீட்டர் வரையிலான சில்லுகள் அதன் இலக்கு.

கருவித் துறையிலும் முன்னேற்றம் தெரிகிறது. மென்பொருளால் வரையறுக்கப்படும் வானொலி என்பது மாற்றி எழுதும் தத்துவத்தைச் சங்கேதத்தோடு நிறுத்தாமல் அலைவரிசை, பண்பேற்றம் அனைத்திற்கும் விரிப்பது. டேராடூன் பாதுகாப்பு மின்னணு ஆய்வகம் முதலியவை உருவாக்கிய அத்தகைய வானொலிகளை வாங்குவதற்காக, 2021 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சகம் கடற்படையின் பொருட்டுப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்துடன் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தம் செய்தது. இவ்வகை வானொலிகளின் மென்பொருள் ஒரு நிறுவனத்தின் கருவியிலிருந்து மற்றொன்றின் கருவிக்கு மாறிச் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதற்கான இந்தியப் பொதுத் தரம் 2025-ல் வெளியிடப்பட்டது. ஒரே விற்பனையாளரிடம் கட்டுண்டு கிடக்கும் நிலையைத் தளர்த்துவதால், விலையைப் பொறுத்தவரை இத்தரமே எல்லாவற்றினும் பெரிய பயன் தரக்கூடும்.

அடுத்த மாற்றம்

மாற்றி எழுதும் வசதியின் உண்மையான சோதனை இனிமேல்தான் வரவிருக்கிறது. திறவுகோல் பரிமாற்றத்திற்கும் எண்முறைக் கையொப்பத்திற்கும் நெடுங்காலமாகப் பயன்படும் முறைகளைப் போதிய அளவுள்ள குவாண்டம் கணிப்பொறி உடைத்துவிடும் என்பதை 1994-ல் பீட்டர் ஷோர் நிறுவினார். அப்படியொரு கணிப்பொறி இன்னும் கட்டப்படவில்லை. ஆனால் இன்று அலையில் செல்லும் செய்தியைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, பிற்காலத்தில் படிக்க எண்ணுவோரைத் தடுப்பார் இல்லை. 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தர நிறுவனம் குவாண்டத்திற்கு ஈடுகொடுக்கும் மூன்று முறைகளைத் தரமாக அறிவித்தது. நமது அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் தேசியக் குவாண்டம் இயக்கத்திற்கு ஒப்புதல் அளித்துள்ளது.

புதிய முறைகளை ஏற்றுவதில் ஒரு நடைமுறைத் தடை உண்டு. பழைய நீள்வளைவு முறையில் பகிரங்கத் திறவுகோல் 32 எண்மங்களே. புதிய முறையின் நடுத்தர வடிவில் அது 1,184 எண்மங்கள். நொடிக்கு 2,400 இலக்கங்கள் மட்டும் செல்லும் குறுகிய உயரலை வானொலியில் முன்னது பத்தில் ஒரு நொடியில் சென்றுவிடும். பின்னதற்கு நான்கு நொடி ஆகும். களத்தில் நான்கு நொடி அலைபரப்பு என்பது பகைவர் நம் இருப்பிடத்தைக் கண்டறியப் போதுமான அவகாசம். நினைவகம் நிரம்பியிருக்கும் பழைய கருவியில் புதிய முறை ஏறவே ஏறாது. பெயரளவில் மாற்றி எழுதத்தக்க கருவியாயினும், எழுத இடமில்லாத பலகை அது.

இதைவிட நுட்பமான தடை மற்றொன்று. புதிய நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் சிறு நிரல், பாதுகாப்புக் கருதிக் கருவியின் மாற்றவியலாத நினைவகத்தில் பதிக்கப்படுவது வழக்கம். அங்கே பழைய கையொப்ப முறை பதிந்திருந்தால், உள்ளே எத்தனை புதிய முறைகளை ஏற்றினாலும் வாயிற்காவலன் பழையவனே. இதற்கெனவே குவாண்டத்திற்கு அஞ்சாத கையொப்ப முறைகள் இரண்டை அமெரிக்கத் தர நிறுவனம் 2020-லேயே, பிற தரங்களுக்கு நான்காண்டு முன்னதாக, ஏற்றுக்கொண்டது. இன்று ஒப்பந்தமாகும் கருவி 2045 வரை களத்தில் இருக்கும். அதன் தொழில்நுட்ப விவரப் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலர், சங்கேத முறை எது என்று பார்ப்பதற்கு முன்பாக, மாற்ற முடியாத பகுதியில் பதிந்துள்ள கையொப்ப முறை எது, காலியாக விடப்பட்ட நினைவகம் எவ்வளவு என்ற இரண்டு வரிகளைப் பார்க்க வேண்டியுள்ளது.